கை படாத டேங்கு

ஃபோனை உள்ள வைங்கன்னு நான் சொல்ல மாட்டேன். கையிலயே வெச்சுக்கோங்க. நான் பேசிக்கிட்டு இருக்கும்போது ஷெட்டுல இருந்து யாராவது கூப்பிட்டா தயங்காம எடுத்துப் பேசுங்க, எழுந்து போகணும்னா போயிடுங்க. ரிட்டயர் ஆனவ பேச்சு எங்கயும் ஓடிப் போயிடாது. நாளைக்குக் கூப்பிட்டாலும் இதையேதான் பேசுவேன். டேங்குல இருக்கிற இறால் குஞ்சு அப்படி இல்லை.

உங்களை எல்லாம் இந்த மாசத்துல இருந்து ஷிப்ட் இன்சார்ஜ் ஆக்கியிருக்காங்களாமே. சந்தோஷம். மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது, பாதிப் பேருக்குப் பெருமை, பாதிப் பேருக்குப் பயம். பயப்படறவங்களைப் பத்தி எனக்குக் கவலை இல்லை, அவங்க பொழைச்சுக்குவாங்க. பின்னாடி காலு மேல காலு போட்டு உக்காந்திருக்கீங்களே, உங்களுக்காகத்தான் மரக்காணத்துல இருந்து இந்த வெயில்ல ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டு வந்தேன்.

பாசி எப்படி வளர்க்கறது, தீனி எப்போ போடறது, தண்ணி எப்போ மாத்தறதுன்னு எல்லாம் நான் பாடம் எடுக்கப் போறதில்லை. நீங்க என்னை விட அதிகமாப் படிச்சவங்க. படிக்காததை ஃபோன்ல தேடிக்குவீங்க. எனக்குத் தெரிஞ்சது வேற. உங்களுக்குக் கீழ நாலு பேர் வேலை செய்யறாங்க. அந்த நாலு பேருக்குத் தெரிஞ்ச விஷயம் உங்களுக்கு எப்போ தெரிய வருது? இறால் குஞ்சு வளர்க்கிற ஹேட்சரியில இன்சார்ஜ் வேலையே அவ்ளோதான். அன்னைக்கே தெரிஞ்சா கெட்டிக்காரங்க. மறுநாள் தெரிஞ்சா தப்பிச்சுக்கலாம். எல்லாம் முடிஞ்சப்புறம் தெரிஞ்சா பேரு மட்டும்தான் இன்சார்ஜ்.

முன்னாடியே சொல்லிடறேன், எனக்குக் கோபம் வரும். பழைய ஆளுங்க யாரையாவது கேட்டுப் பாருங்க. நான் ஷெட்டுக்குள்ள கத்தினா வெளிய ஈசிஆர்ல போற பஸ்ஸு பிரேக் போடும்னு கிண்டல் பண்ணுவாங்க. காலைக் கழுவாம உள்ள வந்தா கத்துவேன். டேங்கை மூடாம விட்டா கத்துவேன். வலையைத் தரையில போட்டா அன்னைக்கு அவங்களுக்கு ஏழரைதான். ஆனா ஒருத்தர் வந்து, "மேடம், இது கெட்டுப்போச்சு"ன்னு சொன்னா மட்டும் கத்த மாட்டேன். பல்லைக் கடிச்சுக்குவேன், தண்ணி குடிப்பேன், கத்த மாட்டேன். அதுக்கு ஒரு காரணம் இருக்குது.

அப்போ நான் இன்சார்ஜா இருந்த ஹேட்சரி இங்கயிருந்து கொஞ்சம் வடக்கே. ஷெட்டுக்குப் பின்னாடி கடல், ரோட்டைத் தாண்டினா உப்பளம். முதலாளி கோட்டக்குப்பத்துக்காரர். சவூதியில ரொம்ப வருஷம் இருந்து சம்பாதிச்சதை எல்லாம் கொண்டாந்து அந்த ஹேட்சரியில போட்டவரு. எல்லாரும் அவரை பாய்னுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷன். யாருக்கு உடம்பு சரியில்லைன்னாலும் தன்னோட காரையே அனுப்புவாரு. ஆனா தொழில்னு வந்துட்டா ஒரு ரூல் வெச்சிருந்தாரு. தொடர்ந்து ரெண்டு பேட்ச் யாரோட டேங்குல குஞ்சு தேறலையோ, அவங்க வேலையை விட்டு நின்னுக்கணும். அப்பதான் எல்லாரும் கவனமா இருப்பாங்கன்னு அவருக்கு நம்பிக்கை.

பெரிய ஷெட்டுல பத்து டேங்கு. அஞ்சு பொம்பளைங்க, ஆளுக்கு ரெண்டு டேங்கு. அதுல மூணு பேரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க போதும். ஒண்ணு சரோஜாக்கா. கடற்கரைக் குப்பத்துக்காரங்க, வயசுல மூத்தவங்க, ஷெட்டுல எனக்கு அடுத்தபடி அவங்க வார்த்தைதான். சில நாள் எனக்கு முந்தியும் அவங்க வார்த்தைதான். ரெண்டாவது ராணி. வாயைத் திறந்தா டேங்குல இருக்கிற குஞ்சுங்ககிட்டதான் பேசுவா, "என்னடி செல்லங்களா, தின்னீங்களா"ன்னு. மனுஷங்ககிட்ட அவ்வளவு பேச்சு கிடையாது. மூணாவது அமுதா.

அமுதா பெருமுக்கல் பக்கத்துல இருந்து பஸ் ஏறி வர்றவ. இங்க வர்றதுக்கு முன்னாடி உப்பளத்துல உப்பு வாருற வேலை. சித்திரை வெயில்ல பாத்தியில நின்னு பார்த்தவங்களுக்குத்தான் தெரியும், கீழே இருந்து ஒரு வெயில், மேலே இருந்து ஒரு வெயில். வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு எரியும், காலு வெடிச்சு உப்பு உள்ள இறங்கும். "இங்க நிழல்ல நின்னுக்கிட்டு சம்பளம் குடுக்கறாங்களே மேடம், எனக்கு அதுவே நம்ப முடியலை"ன்னு சேர்ந்த புதுசுல சொன்னா. பாவம், அவளோட முதல் பேட்ச் தேறலை. ரெண்டாவது பேட்ச் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதுவும் தேறலைன்னா அவ திரும்ப அந்தப் பாத்திக்குத்தான் போகணும். அது அவளுக்கும் தெரியும், ஷெட்டுல எல்லாருக்கும் தெரியும்.

மீன்பிடித் தடைக்காலம் வேற. போட்டை எல்லாம் கரையில ஏத்திட்டு ஆம்பளைங்க வலை பின்னிக்கிட்டு உக்காந்திருக்கிற நேரம். குப்பத்துல பல வீட்டுல இந்தப் பொம்பளைங்க சம்பளத்துலதான் உலை கொதிக்குது. அந்தப் பக்கம் இறால் பண்ணைக்காரங்க குளத்துல தண்ணியை நிரப்பிட்டு எங்க குஞ்சுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க. அந்த நேரத்துலதான் அமுதாவோட டேங்குல குஞ்சு சோர்ந்து கிடக்கறதை நான் பார்த்தேன்.

நல்ல குஞ்சுன்னா ஒரு பீக்கர்ல அள்ளி வெளிச்சத்துல காட்டினா குதிச்சுக்கிட்டு மேல வரும். இது அடியில படுத்துச்சு. சரி, ஒரு டேங்குல சீக்கு வர்றது புதுசில்லை. மறுநாள் காலையில பார்த்தா சரோஜாக்கா டேங்கு ஒண்ணுல அதே மாதிரி. அது ஷெட்டுக்கு அந்தக் கடைசி. நடுவுல இருக்கிற டேங்குல ஒண்ணும் இல்லை. அப்புறம் இன்னொருத்தி டேங்குல. தண்ணியால வந்திருந்தா எல்லாத்துலயும் வரணும். காத்துக் குழாயால வந்திருந்தா வரிசையா வரணும். இது எந்த வழியும் இல்லாம தாவித் தாவிப் போகுது.

அமுதா டேங்கை மறுபடி போய்ப் பார்த்தேன். அடியில செத்த குஞ்சு மெத்தை மாதிரி கிடக்குது. ஆனா அள்ளி எண்ணிப் பார்த்தா எண்ணிக்கை குறையவே இல்லை. செத்துக்கிட்டும் இருக்குதாம், குறையாமலும் இருக்குதாம். இது எந்த ஊரு கணக்கு? மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பார்த்தேன். பாதிக் குஞ்சு வளர்த்தி இல்லாம நோஞ்சானா இருக்குது, பாதி கொழுகொழுன்னு ஒரு படி முன்னாடி வளர்ந்து நிக்குது. ஒரே டேங்குல வளர்ந்த குஞ்சு இப்படி ரெண்டு சாதியா இருக்காது. வேற டேங்குக் குஞ்சை யாரோ கொண்டாந்து இதுல ஊத்தியிருக்காங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச கதைதான்.

எங்க ஷெட்டுல ஒவ்வொரு டேங்குக்கும் தனி ஜக்கு, தனி வலை. கலர் கலரா டேப் சுத்தி வெச்சிருப்போம். பச்சை டேப் ஜக்கு பச்சை டேங்கை விட்டு நகரக் கூடாது. ஒரு ஜக்கு நல்ல டேங்குல முங்கி, சீக்கு டேங்குல முங்கி, திரும்ப நல்ல டேங்குக்கு வந்தா அவ்ளோதான். அதுதான் நடந்திருக்குதுன்னு புரிஞ்சுபோச்சு. எந்தெந்த டேங்குல நடந்துச்சுன்னு மட்டும் தெரியலை.

அது தெரிஞ்சாத்தான் மிச்சத்தைக் காப்பாத்த முடியும். பின்னாடி சின்ன ஷெட்டு ஒண்ணு இருந்துச்சு, தனி மோட்டார், தனி பைப்பு. தொடாத டேங்குக் குஞ்சை வெயில் ஏறறதுக்குள்ள அங்க மாத்திடலாம். ஆனா எது தொடாததுன்னு தெரியாம மாத்தினா சீக்கும் கூடவே வண்டி ஏறும். தெரியலைன்னா பத்தையும் கொட்டணும். ஷெட்டை மூடிக் காயப் போடணும். அஞ்சு பேரும் வீட்டுல உக்காரணும், அதுவும் தடைக்காலத்துல. அமுதா விஷயம் கேக்கவே வேணாம்.

பாய்க்கு ஃபோன் பண்ணேன். கோட்டக்குப்பத்துல இருந்து பறந்து வந்தாரு. நான் விஷயத்தைச் சொல்லி முடிச்சதும் முதல் கேள்வி, "யாரும்மா பண்ணது?"

"தெரியலை பாய்."

"கேமரா இருக்குதுல்ல? போட்டுப் பாருங்க. யாருன்னு தெரிஞ்சா இன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடலாம்."

நீங்களும் அதைத்தான் நினைக்கிறீங்க, உங்க மூஞ்சியில தெரியுது. கேமரா நல்லாத்தான் வேலை செஞ்சுது. ஆனா யோசிச்சுப் பாருங்க. யாரு எப்போ எந்த டேங்குக்குப் போனாங்கன்னு கேமராவுல தேட ஆரம்பிச்சா பொழுது சாஞ்சுடும். குஞ்சு அதுவரைக்கும் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா? இன்னொண்ணும் இருக்குது. நான் ஒரு தடவை கேமராவைப் பார்த்து அவங்களைப் பிடிச்சுட்டா, அடுத்த தடவை கேமராவுக்குத் தெரியாத மூலையை அவங்க கண்டுபிடிப்பாங்க. அப்புறம் நான் ஆயுசு பூரா மூலைக்கு மூலை கேமரா மாட்டிக்கிட்டே இருக்கணும்.

"பாய், யாருங்கிறது எனக்கு இப்ப வேணாம். எந்த டேங்குங்கிறதுதான் வேணும். நீங்க வெளிய உக்காந்து ஒரு டீ குடிங்க. நான் உள்ள போயிட்டு வர்றேன்."

"இந்த நிலைமையில டீயா?"

"ரெண்டு டீயா குடிங்க."

உள்ள போனேன். அஞ்சு பேரும் வாசல் பக்கமா சுவரோட சுவரா நின்னுக்கிட்டு இருந்தாங்க. பாய் காரைப் பார்த்துட்டாங்க. சரோஜாக்கா என்னைப் பார்க்காம கூரையைப் பார்க்கறாங்க. எனக்கு வந்த கோபத்துக்கு அங்கயே பத்து டேங்கும் கொதிச்சிருக்கணும். அதை அப்படியே முழுங்கினேன்.

"என்ன நடந்துச்சுன்னு நான் கேக்கப் போறதில்லை. யாருன்னும் கேக்க மாட்டேன்"னு சொன்னேன். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். எந்த டேங்குல வேற டேங்கு ஜக்கோ வலையோ படவே இல்லையோ, அந்த டேங்கு பக்கத்துல போய் நில்லுங்க. அதைக் காப்பாத்திடலாம். பேச வேணாம். நின்னா போதும்."

ஒருத்தரும் நகரலை. நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன். அன்னைக்கு நான் செஞ்ச வேலையிலயே கஷ்டமான வேலை அதுதான். எட்டூருக்குக் கேக்குற வாயை வெச்சுக்கிட்டு சும்மா நிக்கறது இருக்குதே, உங்கள்ல வாய் பெரிசா இருக்கிறவங்களுக்குப் புரியும். இன்னும் ஒரு வார்த்தை சொல்லிடலாமா, மிரட்டலாமா, கெஞ்சலாமான்னு நாக்கு துடிக்குது. சொல்லியிருந்தா அவங்க என் வார்த்தைக்குப் பதில் தேட ஆரம்பிச்சிருப்பாங்க, டேங்கை மறந்துட்டிருப்பாங்க.

முதல்ல நகர்ந்தது ராணி. நேராப் போய்த் தன்னோட ரெண்டு டேங்குக்கும் நடுவுல கையைக் கட்டிக்கிட்டு நின்னா. மத்தவங்க அவளைப் பார்த்த பார்வையில ஒரு மாதிரி வெறுப்பு இருந்துச்சு. அது ஏன்னு அப்போ எனக்குத் தெரியலை.

அப்புறம் சரோஜாக்கா தன்னோட இன்னொரு டேங்கைப் பார்த்து ரெண்டடி வெச்சாங்க. பாதியில நின்னாங்க.

"யம்மா, இதுல இருந்து நான் எடுக்கலை."

"எடுக்கலை, சரி. ஜக்கு இதுல முங்குச்சாக்கா?"

அவங்க கண்ணை மூடிக்கிட்டு யோசிச்சாங்க. உதடு மட்டும் அசையுது. "அலசறேன்னு ஒரு தடவை முக்கினேன்"னு சொல்லிட்டு, வெச்ச ரெண்டடியையும் திரும்பி எடுத்துக்கிட்டு வந்து பழைய இடத்துல நின்னாங்க.

எனக்கு அந்த நிமிஷம் அவங்களைக் கட்டிப் பிடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. அந்த டேங்கு பக்கத்துலயே அவங்க நின்னிருந்தா நான் நம்பியிருப்பேன். அவங்க டேங்குல ஒண்ணாவது தப்பிச்சிருக்கும், பாய் முன்னாடி அவங்களுக்கு மரியாதையா இருந்திருக்கும். ஆனா சின்ன ஷெட்டுக்கும் சீக்கு போயிருக்கும். யாரும் பார்க்காத ஒரு விஷயத்தை, தனக்கு நஷ்டம்னு தெரிஞ்சும் அந்தம்மா சொன்னாங்க. மிச்ச ரெண்டு பேரும் நின்ன இடத்தை விட்டு அசையலை. அமுதா தரையையே பார்த்துக்கிட்டு இருந்தா. ஆக, தப்பிச்சது ராணியோட ரெண்டு டேங்கு மட்டும்தான்.

"சரி, ராணி குஞ்சைச் சின்ன ஷெட்டுக்கு மாத்தணும். மிச்சம் எட்டுலயும் ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கொட்டணும். வாங்க"ன்னு சொன்னேன். அவ்ளோதான். யாருன்னு நான் கேக்கலை. கேக்காமலே வேலை நடக்க நடக்க சரோஜாக்கா தானா சொன்னாங்க.

"புள்ளை அழுதுச்சும்மா. இந்தத் தடவையும் தேறலைன்னா உப்பளத்துக்குத்தான் போகணும்னு அழுதுச்சு. எங்க குப்பத்துல ஒருத்தன் மீன் இல்லாம கரைக்கு வந்தா, மீனோட வந்தவங்க ஆளுக்கு ஒரு கை அள்ளி அவன் கூடையில போடுவாங்க. காலிக் கூடையோட வீட்டுக்குப் போகவிட மாட்டோம். அந்த மாதிரிதான் நாங்க மூணு பேரும் ஆளுக்கு ஒரு ஜக்கு ஊத்தினோம்."

இதைக் கேட்டா திட்டத் தோணுமா? மனசு நிறைஞ்சுதான் போச்சு, வயிறு எரிஞ்சுதான் போச்சு, ரெண்டும் ஒண்ணா. "கூடையில போட்ட மீனு கூடையோட நின்னுடும்க்கா. இங்க ஜக்கு திரும்பி வருதே"ன்னு மட்டும் சொன்னேன். அவங்க தலையில அடிச்சுக்கிட்டாங்க.

ராணியைக் கேட்டேன். "உன்கிட்டயும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"சீக்கு பரவும்னு தெரிஞ்சுதான் குடுக்கலையா?"

"அதெல்லாம் எனக்கு என்னா தெரியும் மேடம். குடுக்க மனசு வரலை. நான் பார்த்துப் பார்த்து வளர்த்தது, எதுக்குக் குடுக்கணும்?"

"ஊறுகாயே குடுக்க மாட்டா, குஞ்சா குடுப்பா"ன்னு சரோஜாக்கா முணுமுணுத்தாங்க. ஒருத்தி களுக்குன்னு சிரிச்சா. ராணிக்கே சிரிப்பு வந்துடுச்சு. அமுதா மட்டும் அழுதுக்கிட்டே இருந்தா. ப்ளீச்சிங் வாளியை அவ கையில குடுத்து, "அழறதுன்னா அழு, கலக்கிக்கிட்டே அழு"ன்னேன். தன் டேங்குல தானே ஊத்தினா. எட்டு டேங்கும் அமைதியாகிப் போச்சு. அதைப் பார்க்கறது கொடுமை. இந்தத் தொழில்ல எத்தனை வருஷம் இருந்தாலும் அது பழகாது, பழகவும் வேணாம்.

பண்ணைக்காரங்களுக்கு நானே ஃபோன் பண்ணி, சீக்கு வந்துடுச்சு, கொட்டிட்டோம், கொஞ்சம்தான் குடுக்க முடியும்னு உள்ளதைச் சொன்னேன். ஒருத்தர் என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டாரு. வாங்கிக்கிட்டேன். சீக்குக் குஞ்சைத் தலையில கட்டிட்டு அப்புறமா வாங்கறதுக்கு இது எவ்வளவோ மேல்.

அப்புறம் பாய். வெளிய பிளாஸ்டிக் சேர்ல கடலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான் நடந்ததைச் சொன்னேன், யாரு யாருன்னும் சொன்னேன். அவருகிட்ட மறைக்கறது என் வேலை இல்லை.

"அந்தப் பெருமுக்கல் பொண்ணை அனுப்பிடுங்க. ஒருத்தரையாவது அனுப்பினாதான்ம்மா மத்தவங்களுக்கு பயம் இருக்கும்."

"பயம் இருந்துச்சு பாய். அதனாலதான் அந்தப் பொண்ணு என்கிட்ட வராம சரோஜாக்காகிட்ட போச்சு. நான் பார்க்கறதுக்கு முந்தியே, குஞ்சு சோர்ந்த அன்னைக்கே என்கிட்ட வந்திருந்தா ஒரு டேங்கோட போயிருக்கும்."

அவரு சேரை என் பக்கம் திருப்பினாரு. "சவூதியில நான் டிரைவரா இருந்தேன்"னாரு. "வண்டியில கீறல் விழுந்தா சம்பளத்துல பிடிச்சுடுவாங்க. ஃபோர்மேன் பார்க்கறதுக்குள்ள நாங்களே பெயிண்ட் வாங்கி அடிச்சுடுவோம். கீறலோட நிக்கலை. பிரேக் சரியில்லைன்னாக்கூட சொல்ல மாட்டோம். சொன்னா நீதான் கெடுத்தேன்னு சொல்லிடுவாங்களே."

"அப்போ பிரேக்?"

"அல்லா காப்பாத்தினான்"னு சிரிச்சாரு. அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. "சரிம்மா. ரூலை எடுத்துடுங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் உங்களைத்தான் கேப்பேன்."

"என்னைத்தான் கேக்கணும் பாய். அதுக்குத்தானே எனக்குத் தனி ரூமு, தனி ஃபேனு."

ராணிக்கு எல்லார் முன்னாடியும் ஒரு சேலை குடுக்கணும்னு அவருக்கு ஆசை. "குடுங்க, வீட்டுக்குக் குடுத்தனுப்புங்க"ன்னேன். குஞ்சு குடுக்கலைன்னு அந்த நாலு பேரும் அவகூட பேச்சை விட்டிருந்தாங்கன்னு அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அத்தனை பேர் முன்னாடி சேலை குடுத்தா அவ அந்தச் சேலையைக் கட்டிக்கிட்டுத் தனியா உக்காந்து சாப்பிட வேண்டியதுதான். ஒருத்தரை உயர்த்தறேன்னு ஒதுக்கி வெச்சுடாதீங்க, புரியுதா? எத்தனையோ நல்ல ஆளுங்க இந்தத் தொழிலை விட்டுப் போனது திட்டினதால இல்லை, மேடையில ஏத்தினதால.

சின்ன ஷெட்டுக்கு ராணியையும் அமுதாவையும் சேர்த்துப் போட்டேன். ராணி மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு வந்தா. "இவளை என் குஞ்சுகிட்ட விடாதீங்க மேடம்."

"ஜக்கு வேற வேற. வேலை மட்டும் ஒண்ணு. இஷ்டம் இல்லைன்னா பேசிக்க வேணாம்"னு சொன்னேன்.

ரெண்டு மூணு நாள் பேசிக்கலை. அப்புறம் ராணி அவளுக்குத் தீனி கரைக்கறதுல ஒரு பக்குவம் சொல்லிக்குடுத்தா. எனக்குத் தெரியக் கூடாதுன்னு ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசினாங்க. நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். பெரிய ஷெட்டைக் கழுவிக் காயப் போடற வேலையை மத்த மூணு பேருக்கும் குடுத்ததால தடைக்காலத்துல யாருக்கும் சம்பளம் நிக்கலை.

அப்பதான் அமுதா வாயைத் திறந்து இன்னொண்ணு சொன்னா. அவளோட டேங்கு ரெண்டும் மேற்குச் சுவரோரம். சாயங்கால வெயில் சுவரைக் காய்ச்சி, தண்ணி சூடாகுது. மொதல் பேட்ச் போனதுக்கே அதுதான் காரணமா இருக்கும்னு அவளுக்குச் சந்தேகம். சொன்னா சாக்கு சொல்றான்னு நினைப்பாங்களேன்னு பயந்து சொல்லலையாம். சுவருக்கு வெளிய நிழலுக்குப் பச்சை வலை கட்டினோம். ஒரு மத்தியான வேலை. அந்தப் பொண்ணு அழுத அழுகைக்கும் அக்காங்க பட்ட பாட்டுக்கும் எட்டு டேங்குக் குஞ்சுக்கும் ஒரு பச்சை வலை போதுமா இருந்திருக்குது.

அதனாலதான் சொல்றேன். உங்க ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் உதவி பண்ணிக்கறாங்கன்னா சந்தோஷப்படுங்க. அந்த உதவியை உங்களுக்குத் தெரியாம பண்றாங்கன்னா, போய்க் கண்ணாடியில உங்க மூஞ்சியை ஒரு தடவை பாருங்க. உங்ககிட்ட வந்து சொல்ற மாதிரி இருக்குதான்னு. எல்லாரும் எங்களை மதிக்கறாங்க, எங்க ஷெட்டுல ஒரு பிரச்சினையும் இல்லைன்னு சொல்ற இன்சார்ஜைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்குது. பிரச்சினை இல்லாத ஷெட்டு எங்க இருக்குது? சொல்லாத ஷெட்டுதான் இருக்குது.

புதுசா நாங்க ஒண்ணே ஒண்ணு வெச்சோம். தன் டேங்கு கெட்டுப்போச்சுன்னு யாரு முதல்ல தானா வந்து சொல்றாங்களோ, அந்த பேட்ச் நஷ்டம் அவங்க தலையில விழாது. சொன்னதோட சரி, யாரும் நம்பலை. நான் சொல்லும்போது தலையாட்டினாங்க, வெளிய போய், "இதெல்லாம் எத்தனை நாளைக்கு"ன்னு பேசிக்கிட்டாங்க. நம்பாததுல தப்பில்லை. இந்த மாதிரி வார்த்தை எல்லாம் வாயால சொல்லி யாரும் நம்ப மாட்டாங்க. முதல்ல வந்து சொன்ன ஆளுக்கு என்ன ஆச்சுன்னு பார்த்துட்டுத்தான் நம்புவாங்க. அந்த முதல் ஆளுக்காக நான் காத்துக்கிட்டே இருந்தேன். பேட்சுக்குப் பேட்ச் எல்லாம் நல்லாவே தேறுச்சு, அதுவே எனக்குக் கவலையா இருந்துச்சுன்னா நம்புவீங்களா?

மழைக்காலம் ஆரம்பிச்சு ஒரு காலையில நான் ஸ்கூட்டியில வந்து கேட்டுப் பக்கம் திரும்பறேன், கேட்டுக்கு வெளியவே அமுதா நிக்கறா. தூறல்ல தலை எல்லாம் நனைஞ்சிருக்குது. நான் வண்டியை நிறுத்தக்கூட இல்லை, மூச்சு வாங்கிக்கிட்டே ஆரம்பிச்சுட்டா.

"மேடம், என் ரெண்டாவது டேங்கு சரியில்லை. குஞ்சு வெளிச்சத்துக்கு வர மாட்டேங்குது. யாரும் கிட்ட வராதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஜக்கு, வலை எல்லாம் அந்த டேங்கு மேலயே வெச்சிருக்கேன். டேங்கைச் சுத்தி ராணியக்கா கயிறு கட்டிட்டாங்க. ப்ளீச்சிங் கலக்கவா?"

அவளையே பார்த்தேன்.

"பயமா இல்லையாடி உனக்கு?"

"பயமாத்தான் இருக்குது மேடம். அதான் ஓடி வந்தேன்."

"கலக்கு, வர்றேன்"னு சொன்னேன். அந்த ஒரு டேங்கைக் கொட்டினோம், மிச்சம் ஒன்பதும் தேறுச்சு. அடுத்த பேட்ச்சுக்கு அமுதா அதே ரெண்டு டேங்கு பக்கத்துல நின்னா. மத்த நாலு பேரும் அதைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு டேங்குக் குஞ்சு செத்துப்போன காலையில வாயெல்லாம் பல்லா ஷெட்டுக்குள்ள போன இன்சார்ஜ் இந்தக் கடற்கரையில நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.